போர்வையைப் பூனை என்று நினைத்தவன்: எழுத்து, ஓவியக் குழு ஒன்றில் 6 ஆண்டு அனுபவம்

குழுவில் வந்த ஒரு படத்தில், சாம்பல் நிறத்தில் ஜன்னலோரம் சுருண்டு கிடந்ததை நான் பூனை என்றே நினைத்தேன். அந்தப் பூனையை வைத்து 700 சொல்லில் ஒரு கதை எழுதி, படத்தை வரைந்தவருக்கே அனுப்பியும் விட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது: "கதை நல்லாருக்கு தம்பி. ஆனா அது பூனை இல்ல, மடிச்சு வச்ச போர்வை."

எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அடுத்த மாதம் அந்தப் படத்தை வரைந்த அக்கா (அப்போது "மேடம்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்) இன்னொரு படம் போட்டார். அதே ஜன்னல், அதே வெளிச்சம். போர்வை இருந்த இடத்தில் ஒரு பள்ளம், அதில் ஒட்டிக்கொண்டு நாலைந்து மயிரிழை. பூனை எழுந்து போய்விட்டிருக்கிறது. என் கதையின் கடைசிப் பத்தியில் பூனை வீட்டை விட்டுப் போகும். அதைப் படித்துவிட்டு அவர் தூரிகையால் எழுதிய பதில் அது. "படித்தேன், அருமை" என்று ஒரு வரி போட்டிருந்தால் அன்றோடு நான் மறந்திருப்பேன். அந்த மயிரிழைகளுக்காகத்தான் குழுவில் தங்கினேன். ஆறு ஆண்டு ஓடிவிட்டது.

எழுதுபவர்களும் வரைபவர்களும் சேர்ந்த இணையக் குழுவில் சேரலாமா என்று சிலர் கேட்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழு ஒரு அரட்டைச் செயலியில் இயங்குகிறது. நான் சேர்ந்தபோது நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். இன்றைக்கு மாதா மாதம் ஏதாவது தருகிறவர்கள் 11 பேர், மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். முதலில் இதைக் குறை என்று நினைத்தேன். இப்போது அந்த 11 பேரின் கோடும் நடையும் பெயரைப் பார்க்காமலே எனக்குப் பிடிபடுகிறது. ஒருவர் வரையும் மனிதர்கள் எல்லோரும் கையைச் சட்டைப்பையில் விட்டிருப்பார்கள், ஏனென்றால் அவருக்கு விரல் வரைய வராது. இன்னொருவரின் கதையில் எப்படியும் ஒரு பேருந்து தவறிப்போகும். நாற்பது பேரிடம் இப்படிப் பழக முடிந்திருக்காது.

குழுவின் உயிர்நாடி மாதாந்திரப் பரிமாற்றம். என்ன பிடிக்கும், எது கூடவே கூடாது என்று ஒவ்வொருவரும் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுப்போம். ஒருங்கிணைப்பாளர் ஜோடி சேர்ப்பார். எனக்கு யார் செய்கிறார் என்பது வெளியிடும் நாள்வரை எனக்குத் தெரியாது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2003-இலிருந்து ஆண்டுதோறும் நடக்கும் யூல்டைட் என்கிற ஆங்கிலப் புனைவுப் பரிமாற்றமும் இதே முறைதான், அதில் ஒவ்வொருவரும் குறைந்தது 1,000 சொல் எழுத வேண்டும். யாராவது கடைசி நேரத்தில் கைவிட்டால் இன்னொருவர் அந்த வேலையை ஏற்றுச் செய்யும் வழக்கத்தையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம். எங்களிடம் அவருக்குப் பெயர் "கைகொடுப்பவர்".

மற்ற சவால்களையும் விட்டுவைக்கவில்லை. ஜேக் பார்க்கர் 2009-இல் தொடங்கிய இங்க்டோபரில் அக்டோபரின் 31 நாளும் ஒரு மைப்படம் வரைய வேண்டும். நானோரைமோ என்கிற நாவல் எழுதும் சவால் 1999-இல் 21 பேரோடு தொடங்கியது, அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டது. அதில் நவம்பர் முப்பது நாளில் 50,000 சொல் எழுத வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,667. நான் பதினெட்டாம் நாளில் விழுந்தேன். தோற்ற எரிச்சலில் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி, எண்ணிக்கைக்காக ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவர் முகம் தெரிவதில்லை. பரிமாற்றத்தில் ஒரே ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார். அவருக்கு மழை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஆகவே எனக்கு வராத மழையை எப்படியாவது எழுதிப் பார்க்கிறேன். நான் தேறியது அப்படி எழுதிய மழைகளில்தான்.

மூன்றாம் ஆண்டு அந்தாதி மாதிரி ஒன்று செய்தோம். ஒரு கதையின் கடைசி வரியிலிருந்து ஒரு படம், படத்தின் ஓர் ஓரத்திலிருந்து ஒரு கவிதை, அந்தக் கவிதையின் முடிவிலிருந்து இன்னொரு படம். 1925 வாக்கில் பாரீசில் சர்ரியலிசக்காரர்கள் தாளை மடித்து மடித்து, முந்தையவர் வரைந்ததைப் பார்க்காமல் தொடர்ந்து விளையாடினார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பூட்டில் தொடங்கியது ஒன்பது கை மாறிக் கடலாமையில் முடிந்தது. நடுவில் வந்த சுமாரான கவிதை யாருடையது என்று கேட்காதீர்கள்.

விமர்சனம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழு கிட்டத்தட்ட உடைந்தது அதில்தான். முதல் ஆண்டில் ஒருவர் இன்னொருவரின் படத்துக்குக் கீழே "கை உடற்கூறு தப்பு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் நாலு மாதம் எதையும் போடவில்லை. அதன் பிறகுதான் நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய முறையைக் கொண்டுவந்தோம். அதில் நாலு படி. முதலில் பார்ப்பவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்ப்பவர்கள் அவரிடம் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு இருக்கக் கூடாது. கடைசியில்தான் கருத்து, அதுவும் அனுமதி கேட்டுவிட்டு.

மூன்றாம் படியில்தான் எங்கள் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. "முடிவு ஏன் இவ்வளவு அவசரமாக இருக்கிறது?" என்று நான் கேட்டேன். கேள்விக்குறி போட்டதால் அது கேள்வி ஆகிவிடாது என்றார்கள். "கடைசிக் காட்சியில் எவ்வளவு நேரம் கழிகிறது?" என்று மாற்றிக் கேட்டேன். எழுதியவர் யோசித்துவிட்டு, "ரெண்டு நாள். அட, அதை நான் எங்கேயும் எழுதலையே!" என்றார். குறை அவருக்கே தெரிந்துவிட்டது, நான் சொல்ல வேண்டி வரவில்லை. "உங்க முடிவைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பது முதலில் நாடகத்தனமாகத்தான் இருந்தது. ஒரு நாள் ஒருவர் "இப்ப வேண்டாம்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அவரே வந்து, "அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டார்.

எழுத்துக்காரனுக்கு ஓவியரோடு பழகுவதால் வரும் சின்னச் சின்ன லாபங்கள் தனி. ஒருமுறை கதைத் தலைப்பைப் படத்தின் மேலேயே பதிக்கச் சொன்னேன். அக்காவின் ஓவிய மென்பொருள் தமிழை உடைத்தது: கொம்பு கழன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு உட்கார்ந்துகொண்டது, "பெ" என்பதைப் படிக்கவே முடியவில்லை. அமைப்புகளில் ஏதோ ஒன்றை மாற்றினால் சரியாகும் என்றார்கள், ஆகவில்லை. கடுப்பாகி, தலைப்பை அவரே தூரிகையால் எழுதினார். கொம்பின் சுழியைப் படத்திலிருந்த கொடியோடு இணைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் தலைப்பு எல்லாம் கையெழுத்துதான்.

குறைகளுக்கு வருகிறேன். உழைப்பு சமம் இல்லை. நான் மூன்று மணி நேரத்தில் எழுதியதற்கு ஈடாக ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் வரைகிறார். எழுதுபவர்கள் இதைப் பேசவே மாட்டோம், வரைபவர்கள் பேசக் கூச்சப்படுவார்கள். ஐந்தாம் ஆண்டில்தான் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். இப்போது கோட்டோவியம் போதும் என்று விதி தளர்ந்திருக்கிறது. முன்பே செய்திருக்க வேண்டும்.

நாலாம் ஆண்டு எல்லாவற்றையும் தொகுத்து அச்சிட ஆசைப்பட்டோம். அரட்டையில் கிடந்த படங்கள் சுருக்கப்பட்டு 1,080 பிக்சல் அகலத்தில் நின்றன. அச்சுக்கு வழக்கமாகக் கேட்கும் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது 3.6 அங்குலம், சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரிது. மூலக்கோப்பு வைத்திருந்த இரண்டு பேர் குழுவிலேயே இல்லை. யாருடைய சம்மதமும் எழுத்தில் இல்லை. தொகுப்பு நின்றது. இப்போது ஒவ்வொரு படைப்போடும் ஒரு வரி சேர்க்கிறோம்: மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது, அல்லது எதுவும் இல்லை என்று. இதில் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். வழிப்படைப்பு கூடாது என்கிற உரிமத்தைப் போட்டுவிட்டால், உங்கள் படத்தை மாற்றி இன்னொருவர் புதிதாக ஒன்று செய்து வெளியிட முடியாது. பரிமாற்றக் குழுவில் அதைப் போடுவது வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவது மாதிரி.

பெரிய காயம் வேறு. ஒரு நண்பர், ஜோடியாக வந்த ஓவியர் தாமதிக்கிறார் என்று, செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படத்தைத் தன் கதைக்கு மேலே வைத்துவிட்டார். அந்த ஓவியர் தன் படங்களுக்கு கிளேஸ் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஓவியரின் பாணியை இயந்திரங்கள் நகலெடுப்பதைக் கடினமாக்க சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கருவி அது. "நான் ஒரு வாரம் லேட். அதுக்கு இதுவா?" என்று மட்டும் கேட்டார். விவாதம் மூன்று நாள் நடந்தது. பரிமாற்றத்தில் இயந்திரப் படமும் வேண்டாம், இயந்திர எழுத்தும் வேண்டாம் என்று முடிவானது. நண்பர் வெளியேறினார். விதி சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நட்பு என்று எதைச் சொல்கிறேன்? அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. ஒருமுறை சும்மா பேசலாம் என்று அழைத்தோம். இருபது நிமிடம் "அப்புறம்?", "வேற?" என்று திணறினோம். கடைசியில் அவர் திரையைப் பகிர்ந்து ஒரு மரத்தை வரையத் தொடங்கினார், பேச்சு தானாக வந்தது. வாரம் ஒரு முறை குரல் அறையில் 25 நிமிடம் ஒலிவாங்கியைத் திறந்து வைத்து, யாரும் பேசாமல் அவரவர் வேலையைச் செய்வோம். ஒருவரின் நாற்காலி கிரீச்சிடும், ஒருவர் பென்சில் சீவுவார். அந்தச் சத்தம் கேட்காத வாரம் எனக்கு எழுத ஓடாது.

இடையில் ஐந்து மாதம் நான் காணாமல் போனேன். காரணம் இங்கே வேண்டாம். திரும்பி வந்து பார்த்தால், என் பெயர் ஒவ்வொரு மாதமும் பட்டியலில் இருந்திருக்கிறது. நான் தர வேண்டியதை ஐந்து கைகொடுப்பவர்கள் தந்திருந்தார்கள். எனக்கு வர வேண்டிய ஐந்து படைப்புகளும் ஒரு கோப்புறையில் காத்திருந்தன. யாரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

பாராட்டு தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் குழு சரிவராது. இதயக்குறிகள் வேறு இடங்களில் தாராளமாகக் கிடைக்கும். கெடு என்றால் மூச்சு முட்டுகிறவர்களும் யோசித்துச் சேருங்கள். ஒரே ஒரு வாசகர் போதும் என்பவர்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று, போன நண்பருக்காக.

இந்த மாதம் எனக்கு அக்கா விழுந்திருக்கிறார். படிவம் நேற்று வந்தது. விருப்பம்: பழைய வீடு, மதிய வெயில். கூடவே கூடாதது: பூனை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், "போர்வை பரவாயில்லை."