வெள்ளாட்டுத் தோப்புக்குக் கம்பி வலையா, போத்து வேலியா?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த எங்கள் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பு, அதன்பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்தது. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் ஆளுயரத்துக்கு மண்டிவிட்டன. வெள்ளாடு விடலாம் என்று முடிவெடுத்தபோது, சித்தப்பா தம் பங்கில் கம்பி வலை அடித்தார். நான் கிளுவை, ஒதியன், பூவரசுப் போத்துகளை, அதாவது நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும் கிளைத்துண்டுகளை, நட்டேன்.

வலையின் வசதி தெரிந்ததுதான்: ஒரே வாரத்தில் வேலை முடியும், நாய் நுழையாது. என் போத்துகள் வேலியாக அடைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை இடைவெளிகளில் கருவை முள்ளை வெட்டிக் கட்டினேன். தளிரை ஆடு கடிக்காமல் காவலும் காத்தேன்.

ஆனாலும் நான் போத்து வேலியின் பக்கம்தான். காரணம் பராமரிப்பு. சித்தப்பாவின் கிடாக்கள் வெளியே நிற்கும் கிளையை எட்ட, முன்னங்கால்களை வலையில் ஊன்றி நிற்கின்றன. கால் பட்ட இடமெல்லாம் வலை தொய்ந்துவிட்டது. கோவைக்கொடி படர்ந்த பகுதியில் ஈரமே காயாமல், மண்ணைத் தொடும் கம்பி துருவேறி விரலால் அழுத்தினால் உதிர்கிறது. அவருக்கு ஆண்டுதோறும் செலவு. எனக்கோ வேலியைக் கவாத்து செய்தால் தீவனம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆடுகள் வெளியே கால் வைக்காது. அரிவாளோடு வேலியை ஒரு சுற்று வந்தால் பூவரசும் ஒதியனுமாக இரண்டு கட்டுத் தழை சேரும். கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டால் மாலைக்குள் குச்சிதான் மிஞ்சும். வெட்டிய இடத்தில் வேலி முன்னிலும் அடர்ந்து துளிர்க்கும்.

கொட்டகை விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து: டெல்டா மழைக்கு, தரைக்கு மேலே சட்டம் அடித்து ஆடுகளை நிறுத்தும் பரண்தான். மூன்றரை அடி உயரம், சட்டங்களுக்கிடையே அரை அங்குலம். புழுக்கை கீழே விழுந்துவிடும், குளம்பு ஈரத்தில் ஊறாது. இடைவெளி கூடினால் குட்டியின் கால் சிக்கும்.

புதரை முழுவதும் அழிக்காதீர்கள், ஆட்டுக்கு நிழல் வேண்டும். உண்ணிச்செடியையும் அரளியையும் மட்டும் முன்கூட்டியே வேரோடு பிடுங்கிவிடுங்கள், இரண்டும் நஞ்சு. கருவேல நெற்று உதிர்ந்தால் கூட்டி அள்ளிவிடுங்கள். ஆடு தின்றால் புழுக்கை வழியே தோப்பெங்கும் முளைக்கும்.

என்னிடம் இருப்பது 14 உருப்படிகள்தான். 50 ஆடு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறலாம். தெருநாய்த் தொல்லை உள்ள இடத்தில் சித்தப்பாவின் வலையே மேல். போன வைகாசியில் போத்துகளின் அடியில் நாய் புகுந்து ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டது. அந்த மூலையில் மட்டும் நானும் 20 அடி வலை வாங்கிக் கட்டியிருக்கிறேன்.