‘சர்வதேச மனித உரிமை ஆலோசகர்’ ஒருவரை அமர்த்தப் போகிறீர்களா? கையெழுத்து வைக்க முதல் இதை வாசியுங்கள்

எங்களுடையது முல்லைத்தீவுக் கரையோரத்தில் வேலை செய்கிற சின்னப் பெண்கள் அமைப்பு. முழுநேரமாக நாலு பேர்தான். நான் திட்ட இணைப்பாளர். கீழே சொல்லப்போகிற ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவளும் நான்தான். ஆளின் பெயரையோ நாட்டையோ இங்கே எழுதவில்லை, எங்கள் சட்டத்தரணி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் இந்த விசயம் மற்ற அமைப்புகளின் காதுக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து ஆலோசகரை அமர்த்துங்கள் என்ற நிபந்தனை எங்களுக்கு மட்டும் வருவதில்லை.

2023 இல் கருவாடு போடுகிற பெண்களுக்கான மூன்று வருட வாழ்வாதாரத் திட்டம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. காசு தருகிற நிறுவனம் சொன்னது இது: திட்டம் தொடங்க முதல் மனித உரிமை நோக்கில் ஓர் அடிப்படை ஆய்வு வேண்டும், அதைச் செய்பவர் ‘சர்வதேச’ ஆலோசகராக இருக்க வேண்டும்.

ஆய்வு வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் கரையில் மீனை வெட்டுவது, உப்பிடுவது, காயவிடுவது எல்லாம் பெண்கள். கடற்றொழிலாளர் சங்கத்தில் அங்கத்துவம் மட்டும் படகு வைத்திருக்கிற ஆண்களுக்கு. கருவாடு காயவிடப் பரண் போடுகிற மணல் யாருடையது என்பதற்கு எழுத்தில் ஒரு துண்டும் இல்லை. நுண்கடன் இன்னொரு பக்கம். 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசு அறிவித்தது. அதற்குள் அடங்காத கடன்களோடு நிற்கிறவர்கள் எங்கள் பயனாளிகளிலேயே இருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டு அறியாமல் பரணும் உப்புத் தொட்டியும் கொடுத்தால், கொஞ்ச நாளில் அந்தப் பரண் வேறொருவரின் வாடியில், அதாவது கரையில் போட்ட மீன் கொட்டிலில், நிற்கும். ஆகவே நல்ல ஆய்வு ஒன்று எங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது.

விண்ணப்பங்களில் ஒன்று எல்லாவற்றையும் விட மினுங்கியது. முதல் பக்கத்திலேயே படம். ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை கூடுகிற மண்டபத்தின் கூரையை எங்கள் சனத்துக்கு நல்லாய்த் தெரியும். மிக்கேல் பார்சலோ என்ற ஸ்பானிய ஓவியர் செய்தது, 2008 இல் திறந்தது, பல நிறத்தில் விழுதுகள் தொங்குகிற மாதிரி இருக்கும். மார்ச் மாதம் வந்தால் செய்தியில் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கூரைக்குக் கீழே, கழுத்தில் அட்டையோடு விண்ணப்பக்காரர் நிற்கிறார். எங்கள் நிர்வாகக் குழு அதைப் பார்த்த மாத்திரத்தில் பாதி முடிவு எடுத்துவிட்டது.

அந்த மண்டபத்துக்குள் போக ஐ.நா. நிபுணராக இருக்கத் தேவையில்லை. ஐ.நா. பொருளாதார சமூகப் பேரவையில் ஆலோசனை அந்தஸ்து உள்ள அரசுசாரா நிறுவனம் ஒன்று பெயர் கொடுத்தால் நுழைவு அட்டை கிடைக்கும். வடக்கிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளும் ஜெனிவா போய்ப் பேசியிருக்கிறார்கள். அங்கே நின்றது பெரிய காரியம்தான். ஆனால் அது ஆய்வு செய்யத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

சுயவிவரத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ஒன்று, ‘ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்’. அப்படித் தனி ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கிற வழக்கமே அந்த அலுவலகத்துக்கு இல்லை. மற்றது, ‘ஐ.நா. விசேட அறிக்கையாளருடன் பணியாற்றியவர்’. ஒரு நாட்டையோ ஓர் உரிமையையோ பற்றி ஆராய்ந்து அறிக்கை தருகிற விசேட அறிக்கையாளர்களை மனித உரிமைப் பேரவை நியமிக்கிறது, அவர்களுக்குச் சம்பளம் இல்லை, யார் யார் என்ற பட்டியல் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. எந்த அறிக்கையாளர், எந்த ஆண்டு, என்ன வேலை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பிய ஒரு கடிதத்தின் அடியில் அவருடைய பெயரும் இருந்தது, அவ்வளவுதான் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டோம். பரிந்துரைக்கு இரண்டு பேரின் ஜிமெயில் முகவரி தந்திருந்தார். ஒருவர் பதில் போடவே இல்லை. மற்றவர் மூன்று வரியில் புகழ்ந்து எழுதினார். அவர் வேலை செய்வதாகச் சொன்ன நிறுவனத்தின் பொது இலக்கத்துக்கு நாங்கள் ஒரு அழைப்பு எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

செப்டெம்பரில் ஒப்பந்தம். நாளுக்கு 350 டொலர், 15 நாள், மொத்தம் 5,250. பாதியை முன்பணமாகக் கேட்டார். கொடுத்தோம். டொலர் 320 ரூபாய் அளவில் நின்ற நேரம், எட்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஒப்பந்தப் படிவமும் அவர் அனுப்பியதுதான். பிணக்கு வந்தால் அவருடைய நாட்டு நீதிமன்றம் என்று ஒரு பிரிவு இருந்தது. சேகரிக்கிற தகவல் யாருக்குச் சொந்தம் என்று ஒரு சொல்லும் இல்லை.

அவர் வந்தது நவம்பர் நடுப்பகுதியில். எங்கள் பக்கம் மாரி தொடங்கி, கடல் அடித்துக்கொண்டிருந்தது. வாடிகள் வெறுமை, பரண்களில் ஒரு நெத்தலி இல்லை. இந்த மாதம் வேண்டாம் என்று இரண்டு முறை எழுதினேன். வேறு நாடொன்றில் வேலை இருப்பதால் இந்த இடைவெளிதான் வசதி என்றார். வந்து இறங்கிய பிறகுதான் சுற்றுலா விசாவில் வந்திருப்பது தெரிந்தது. யாராவது கேட்டால் ஊர் பார்க்க வந்த நண்பர் என்று சொல்லுங்கள் என்றார். பதிவு செய்த அமைப்பு ஒன்றிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். முன்பணம் போய்விட்டதே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதுதான் என் பெரிய பிழை.

15 நாளில் ஊருக்குள் வந்தது ஐந்து நாள். மொழிபெயர்ப்புக்கு நாங்கள் வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சியை ஒழுங்கு செய்திருந்தோம். அவருக்கு அது சரிவரவில்லை, ஆங்கிலம் கதைக்கிற ஒரு தம்பியை ஊரிலேயே பிடித்துக்கொண்டார். அந்தத் தம்பி சங்கத் தலைவரின் மருமகன். நல்ல பிள்ளை, அவனில் குறை இல்லை. ஆனால் அவனை வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி என்ன? “சங்கத்தில் பெண்களைச் சேர்க்க மறுக்கிறார்களா?” பதினாறு பெண்கள் பாயில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு அக்கா நிலத்தைப் பார்த்தபடி, “எங்களுக்குப் பிரச்சினை ஒண்டும் இல்லைத் தம்பி” என்றா. அறிக்கையில் அது என்னவாய் வந்தது தெரியுமா? ‘பெண்கள் தடை எதையும் எதிர்கொள்ளவில்லை.’

அதைவிடப் பெரிய அநியாயம் நாலாம் நாள் நடந்தது. நான் அன்று பிரதேச செயலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அவர் வீடு வீடாகப் போய், கருவாட்டை விட்டுவிட்டு, காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எங்கள் பணிவிவரத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. போனில் ஒலிப்பதிவு. மொத்தம் பதினேழு பேர். சம்மதப் படிவம் இல்லை, எதற்காகக் கேட்கிறேன் என்ற விளக்கம் இல்லை. 2009 இல் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, பெட்டிக்கு அடியிலிருந்து மகனின் படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்தபடி ஒன்றரை மணித்தியாலம் கதைத்திருக்கிறா. எங்கள் அமைப்பு கூட்டிவந்த ஆள் என்றபடியால்தான் கதைத்தா. அவர் கேட்டுவிட்டு, படம் பிடித்துவிட்டு, வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். அன்றிரவு அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க ஆள் இருக்கிறதா, நித்திரை கொண்டாவா என்று கேட்க எவரும் இல்லை.

இப்படிப்பட்ட தகவலை எடுப்பதற்கு உலகத்தில் முறை இருக்கிறது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, போரிலும் வன்முறையிலும் அகப்பட்டவர்களைப் பாதுகாக்கிற பணிக்கான தொழில்முறைத் தராதரங்களை வெளியிட்டு, 2018 இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. போர்க்காலப் பாலியல் வன்முறை பற்றித் தகவல் திரட்டுபவர்களுக்கு 2022 இல் வந்த முராட் நெறிமுறை இருக்கிறது. தகுதியும் தெளிவான தேவையும் இல்லாமல் கேட்காதே, கேட்பதால் அவர்களுக்கு மேலும் தீங்கு வரவிடாதே என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடி. தொழிலே மனித உரிமை என்று சொல்லுகிற ஒருவர் இதை அறியாமல் இருக்க முடியாது.

அறிக்கை பெப்ரவரியில் வந்தது. 62 பக்கம். முதல் நாற்பது பக்கம் எந்த நாட்டுக்கும் பொருந்தும் பொதுப் பேச்சு. 2011 இல் மனித உரிமைப் பேரவை ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டுக் கோட்பாடுகள் 31 ஐயும் வரிசையாக ஒட்டியிருந்தது. எங்கள் கரையோடு அவற்றை இணைத்து ஒரு பந்தி இல்லை. நுண்கடன் என்ற சொல்லே இல்லை. 47 ஆம் பக்கத்தில் ஒரு அட்டவணை, குடும்பங்களின் மாத வருமானம். எங்கள் கணக்குத் தங்கச்சிதான் முதலில் கண்டாள். “அக்கா, இதிலை ஷில்லிங் எண்டு கிடக்கு.” அடுத்த பக்கத்தில் ‘ஆட்டிடையர் குடும்பங்களுக்கு மேய்ச்சல் நில உரிமை’ என்று ஒரு பரிந்துரை. வேறெந்த நாட்டிலோ வேறெந்தச் சனத்துக்கோ எழுதியதை ஊரின் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்கு விற்றிருக்கிறார். அந்தச் சனத்துக்காவது அதை ஒழுங்காய்ச் செய்தாரா என்பதும் எனக்குக் கவலைதான்.

மீதிப் பணத்தை நிறுத்தினோம். உடனே காசு தருகிற நிறுவனத்துக்கு எங்களைப் பற்றி முறைப்பாடு எழுதினார், ‘உள்ளூர் அமைப்புக்கு ஆற்றல் போதாது’ என்று. 47 ஆம் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பிய பிறகு அவர்கள் எங்கள் பக்கம் நின்றார்கள். முன்பணம் திரும்பவில்லை. அந்தக் காசுக்கு இருபது குடும்பங்களுக்குப் பரண் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். மே மாதம் கனடாவிலிருந்து ஒரு தோழி கணினித் திரையைப் பிடித்த படம் ஒன்று அனுப்பினா. இணையவழி மாநாடு ஒன்றில் அவர் பேசிக்கொண்டிருக்கிறார், பின்னால் திரையில் எங்கள் அம்மா, மடியில் மகனின் படம், கீழே ஊரின் பெயர். முகத்தை மறைக்கவும் இல்லை. அவர் திரையில் காட்டிய கோப்பு மாநாட்டின் இணையப் பக்கத்தில் எவரும் இறக்கக்கூடியதாகக் கிடந்தது. இரண்டு கிழமை கழித்துச் சிவில் உடையில் இரண்டு பேர் அம்மாவின் வீட்டுக்கு வந்து, வெளிநாட்டுக்காரருக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டோ எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அது ஒன்றாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வருகிற பெண்கள் பாதியாகக் குறைந்தார்கள். பத்து வருடம் வீடு வீடாய்ப் போய்ச் சேர்த்த நம்பிக்கை அது.

சட்டத்தரணியிடம் போனோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்தாலும், அதன் முக்கிய பகுதிகள் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஒப்பந்தப்படி வழக்கு என்றால் அவருடைய நாட்டில். விமான ரிக்கெற்றுக்கே எங்களிடம் காசு இல்லை.

இதற்குப் பிறகு எங்கள் அமைப்பில் நடைமுறையை மாற்றிவிட்டோம். முன்பணம் இருபது வீதத்துக்கு மேல் இல்லை, அதுவும் எங்கே யாரிடம் என்ன கேட்கப் போகிறார் என்ற ஆரம்ப அறிக்கை கைக்கு வந்த பிறகு. மீதி வரைவுக்கும் இறுதிக்கும். கேள்விக்கொத்தைத் தமிழில் நாங்கள் பார்க்காமல் ஒருவரும் ஊருக்குள் இறங்க முடியாது. மொழிபெயர்ப்பாளரை நாங்கள்தான் தெரிவு செய்வோம், அதே ஊர் ஆளாக இருக்கக்கூடாது. ஒலி, படம், குறிப்பு எல்லாம் சொன்னவருக்கும் அமைப்புக்கும் உரியது, எழுத்தில் அனுமதி இல்லாமல் வேறெங்கும் பாவிக்க முடியாது என்று தனிப் பிரிவு. இலங்கைச் சட்டம், இலங்கை நீதிமன்றம். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை முழுதாகக் கேட்டு வாங்குகிறோம், அதில் வருகிற ஊரின் அமைப்போடு பேசுகிறோம். ‘சர்வதேச’ என்ற சொல்லைக் காசு தருகிறவர்கள் கட்டாயமாக்கினால் ஏன் என்று இப்போது திருப்பிக் கேட்கிறோம். போன ஏப்ரலில், கடல் அடங்கித் தொழில் நடக்கிற பருவத்தில், வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த இரண்டு பெண் ஆய்வாளர்கள் அதே ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். பரணுக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்கள். “ஒண்டும் இல்லை” என்ற அதே அக்கா, சங்கக் கட்டடத்தின் வாசற்படிக்கு இந்தப் பக்கமே தான் எத்தனை வருடமாய் நிற்கிறேன் என்று சொன்னா.

மாநாட்டை நடத்தியவர்களுக்கு நாலு கடிதம் எழுதிய பிறகு படத்தை அங்கிருந்து நீக்கிவிட்டார்கள். ஒலிப்பதிவுகளை அழித்துவிட்டதாக அவரிடமிருந்து ஒற்றை வரி மின்னஞ்சல் வந்தது, அத்தாட்சி இல்லை. அதைச் சொல்ல அம்மாவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு, “பிள்ளை, நான் கதைச்சதெல்லாம் இப்ப எங்கை இருக்கு?” என்று கேட்டா. தெரியாது அம்மா என்றுதான் சொல்ல முடிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “படத்தையெண்டாலும் எடுத்துப்போட்டாங்கள் தானே” என்றா.