14-வது மணி நேரத்துக்கு எது: பொடி இட்லியா, தேப்லாவா?

மும்பையிலிருந்து நேர்விமானத்தில் நியூயார்க் பக்கம் போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆகிறது. அங்கே நியூஜெர்சி எடிசனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை போய்வந்தேன். முதல் தடவை கையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டாம் தடவை தேப்லா, அதாவது குஜராத்திகளின் வெந்தயக்கீரைச் சப்பாத்தி. இரண்டு தடவையும் துணைக்குக் கொஞ்சம் வறுத்த பாதாம், மக்கானா என்னும் விதைப்பொரி. இனிமேல் எப்போது போனாலும் எனக்குத் தேப்லாதான். மும்பை செம்பூரில் இட்லி தின்று வளர்ந்தவள் நான். இட்லி மேல் எந்தக் குறையும் இல்லை; அது நீண்ட தூரத்துக்கான பண்டம் இல்லை, அவ்வளவுதான்.

விமானத்தில்தான் சாப்பாடு தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள். ஏறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒன்று, இறங்குவதற்கு முன்னால் ஒன்று. நடுவே எட்டு ஒன்பது மணி நேரம் விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்போது பசித்தால் கிடைப்பது பெரும்பாலும் சிப்ஸ், பிஸ்கட், வெந்நீர் ஊற்றிய கப் நூடுல்ஸ். எல்லாமே உப்பு. அசையாமல் உட்கார்ந்து காலும் வீங்கிப்போயிருக்கும் நேரத்தில் மேலும் மேலும் உப்பு எதற்கு? இந்த இடைவெளிக்காகத்தான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறோம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சட்னி, தயிர், ஊறுகாய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்குதான், 100 மில்லி வரம்பு. அதனால் அம்மா எவ்வளவு சொல்லியும் தயிர்சாதத்தைக் கைப்பையில் வைக்கவில்லை. பொடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேல் எந்தத் தூள் கைப்பையில் இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள், திருப்தி இல்லையென்றால் எடுத்தும் வைத்துவிடலாம். தங்கைக்கு என்று அரைத்த இட்லிப்பொடியைப் பெரிய பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். சுண்டல், ராஜ்மா வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போலத்தான் இருக்கும். வயிற்றில் இருக்கும் வாயு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். தரையில் ஒன்றும் செய்யாத கொண்டைக்கடலை அங்கே வயிற்றைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

பாதாம், மக்கானா பற்றி இரண்டு வார்த்தை. கெடாது, கை அழுக்காகாது, எடை இல்லை. மக்கானாவை ஒரு ஸ்பூன் நெய்யில் சின்னத் தீயில் மொறுமொறுப்பாக வறுத்து மிளகுத்தூள் போட்டேன். மும்பை மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து பத்து நிமிடத்தில் நமத்துப்போகும் அது, விமானத்தில் கடைசிவரை மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே காற்று அவ்வளவு வறட்சி. அந்த வறட்சிதான் சிக்கலும். ஏற்கெனவே தொண்டை காய்ந்திருக்கும், இதைத் தின்றால் இன்னும் தண்ணீர் கேட்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, தூங்குகிற இரண்டு பேரைத் தாண்டித் தண்ணீர் கேட்கப் போவது எளிதில்லை. கொறிக்க நல்லது, பசிக்கு ஆகாது. வேர்க்கடலை மட்டும் வேண்டாம்; பக்கத்தில் யாருக்கு ஒவ்வாமை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கடையில் விற்கும் புரோட்டீன் பார்களில் பலவற்றை அட்டையைத் திருப்பிப் படித்தால் மிட்டாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒன்றிரண்டுதான் தின்று பார்த்திருக்கிறேன், அதனால் அதோடு விடுகிறேன்.

இப்போது இட்லி. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இட்லிதான் ஜெயிக்கும். ஆவியில் வெந்தது, எண்ணெய் பொடியோடு வருவதுதான், எளிதில் செரிக்கும், மென்மையாக இருப்பதால் தண்ணீர் கேட்காது. முதல் பயணம் மே மாதம். விமானம் நடு ராத்திரி தாண்டி. சாயங்காலம் ஏழு மணிக்கு வார்த்து, நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவி, எவர்சில்வர் டப்பாவில் பத்து இட்லி வைத்தேன். ஏறி நாலு மணி நேரத்தில் மூன்று சாப்பிட்டேன். அவ்வளவு ருசி! உயரத்தில் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடும் என்பார்கள். பெருங்காயமும் மிளகாயும் மங்கவே இல்லை.

திரும்ப டப்பாவைத் திறந்தது 14-வது மணி நேரத்தில். மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாக நின்றது. ஓர் இட்லியைப் பிட்டேன், மெல்லிசாக நூல் விட்டது. ஊசிப்போன வாடை. பொடி தடவாத ஓரத்தில்தான் முதலில் தெரிந்தது. ஏழு இட்லியையும் குப்பைப் பைக்குள் போட்டபோது மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் இறங்கும்வரை கையில் இருந்தது ஒரு பிடி பாதாம்தான்.

என் முடிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. வீட்டிலிருந்து கட்டும் பண்டத்தை இரண்டாம் மணி நேரத்தின் ருசியை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். அது உண்மையில் தேவைப்படுவது 14-வது மணி நேரத்தில். அதற்குள் அடுப்பிலிருந்து இறக்கி எவ்வளவு நேரமாகிறது என்று கூட்டிப் பாருங்கள். வீட்டில் சமைத்துக் கட்டும் நேரம், சஹார் விமான நிலையத்துக்கு டாக்ஸி, மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்பது, அப்புறம் விமானம். 20 மணி நேரம் தாண்டிவிடுகிறது. இட்லியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதுவும் புளித்த மாவு. மே மாதத்து மும்பைச் சூட்டில் அந்த ஈரம் சும்மா இருக்காது. ஆறாமல் மூடினால் ஆவி மூடியில் பட்டு நீராகி இட்லி மேலேயே சொட்டும், நான் செய்த தவறு அதுதான். சரி, ஆறவைத்தே கட்டினாலும் குளிரில் அரிசி இறுகி, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப்போனால் இன்னும் மோசம். ஒன்று ஊசும், இல்லையென்றால் இறுகும். இரண்டுக்கும் நடுவே இட்லிக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மணி நேரம்.

இதைக் கீழ் வீட்டு குஜராத்தி மாமியிடம் சொன்னேன். நாங்கள் எல்லாரும் அவரைப் பென், அதாவது குஜராத்தியில் சகோதரி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். "ஏன் என்னிடம் முதலிலேயே கேட்கவில்லை?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, அடுத்த தடவை கிளம்புவதற்கு முந்தின நாள் சமையலறைக்கே வந்து நின்று செய்ய வைத்தார்.

இரண்டு கப் கோதுமை மாவு, கால் கப் கடலை மாவு, ஒரு கட்டு வெந்தயக்கீரை, ஓமம், எள், மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு. இது யாருக்கும் தெரிந்ததுதான். பயணத்துக்கு என்று அவர் சொன்னது வேறு. கீரையை அலசித் துணியில் பரப்பி, கையால் தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்கு உலர விட வேண்டும். அதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. பிசையும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, கெட்டித் தயிரும் மூன்று ஸ்பூன் எண்ணெயும் மட்டும். மெல்லிசாகத் தேய்த்து, அவசரப்படாமல் நடுத்தரத் தீயில் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டுச் சுட வேண்டும். சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன், கையைப் பிடித்து நிறுத்தினார். ஒவ்வொன்றையும் துணியில் தனித்தனியாகப் போட்டு முழுக்க ஆறவிட்டு, இரண்டிரண்டாகச் சுருட்டி, வெண்ணெய்த்தாளில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள். டப்பா வேண்டாம், சுருள் போதும் என்றார். சுருளாக இருந்தால் ஒரு கையால் பிடித்துக் கடித்துக்கொள்ளலாம், மடியில் எதுவும் சிந்தாது. எட்டுத் தேப்லா ஒரு தண்ணீர் பாட்டில் அளவு இடத்தில் அடங்கியது.

வேண்டுமென்றே ஒரு சுருளை மிச்சம் வைத்து, 14-வது மணி நேரத்தில் பிரித்தேன். மடித்தால் உடையவில்லை. விரலில் லேசாக எண்ணெய் மினுமினுத்தது, ஓமத்தின் வாசனை வந்தது, கீரையின் கசப்பு அப்படியே இருந்தது. பக்கத்து இருக்கையில் மகன் வீட்டுக்குத் தனியாகப் போகும் ஒரு பாட்டி, முறுக்கை வாயில் போட்டுத் தொண்டை வறண்டு இருமிக்கொண்டிருந்தார். "பாட்டி, இது மெத்துன்னு இருக்கும், ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று கொடுத்தேன். தண்ணீர் இல்லாமலே சாப்பிட்டு முடித்து, "இது என்னம்மா, வெந்தயக்கீரைச் சப்பாத்தியா?" என்று கேட்டார்.

குறை இல்லாமல் இல்லை. இட்லியைவிட எண்ணெய் அதிகம், அதை மறைக்க முடியாது. நாலு தின்றதும் போதும் என்று தோன்றிவிடும். முந்தின நாள் வேலையும் கூடுதல். மழைக்காலத்தில் கீரை உலர்வதே பெரும் பாடு. நான் போனது ஜனவரி, அதனால் ஜூலையிலும் இதே அளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சின்னக் குழந்தையோடு போனதில்லை, கசப்பைக் குழந்தைகள் ஏற்றுக்கொள்வார்களா என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. நேர மாற்றத்தில் வேளை எல்லாமே குழம்பிவிடும்.

துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம். மூன்று, ஐந்து மணி நேரத்துக்குப் பொடி இட்லிக்கு ஈடு எதுவும் இல்லை. லண்டன் தூரம் என்றால், கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வார்த்து, விசிறிக்கு அடியில் நன்றாக ஆறவைத்து, பாதி வழிக்குள் சாப்பிட்டுவிடுவதாக இருந்தால் இட்லி கட்டலாம். அதற்கு மேல் தூரம் என்றால் தேப்லா.

எதைக் கட்டினாலும் இறங்குவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் அமெரிக்கச் சுங்கத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாகப் பழம், கைப்பையின் அடியில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்குக்கூட அபராதம் உண்டு.

திரும்பி வரும்போது தங்கை வீட்டுச் சமையலறையில் நானே சுட்டேன். எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் பாக்கெட் தேப்லா கிடைக்கிறது, ஆனாலும் என் கையால் செய்துபார்க்க ஆசை. கிடைத்தது உறைய வைத்த வெந்தயக்கீரைதான். பனி கரைந்ததும் தண்ணீராக விட்டது. துணியில் கட்டி இரண்டு தடவை பிழிந்து, தயிரைப் பாதியாகக் குறைத்துப் பிசைந்தேன். சஹாரில் இறங்கி டாக்ஸியில் உட்கார்ந்து கடைசிச் சுருளைப் பிரித்தபோது, ஓரம் மட்டும் கொஞ்சம் முறுகியிருந்தது. நடுவில் மெத்தென்றுதான் இருந்தது.