மூன்று வார லீவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில்

தங்கை குழந்தையைப் பார்க்கத்தான் ஊருக்குப் போனேன். பிறந்த ஆறாம் நாள் குழந்தையின் இடது கை விட்டு விட்டு வெட்டி இழுத்தது. பிரசவம் பார்த்த இடத்துக்கே தூக்கிக்கொண்டு ஓடினால், பச்சக் குழந்தை என்றால் உதறத்தான் செய்யும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கையை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. சாதாரண உதறல் என்றால் மெதுவாகப் பிடித்ததும் அடங்கிவிடும், வலிப்பு அடங்காது. இதைச் சொன்னது ராத்திரி நாங்கள் போன இரண்டாவது ஆஸ்பத்திரியின் நர்ஸ், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டே.

அங்கே வேகம் பிரமாதம். குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. கிருமித்தொற்று இருக்குமோ என்று ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்தார்கள். பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து போட்டும் முழுசாக நிற்கவில்லை. அப்புறம் கால்சியம் குறைவு என்று ரிசல்ட் வந்தது. இதயத் துடிப்பைக் கவனித்தபடி நரம்பு வழியாக மெல்ல ஏற்றியதும் இழுப்பு நின்றது. தங்கைக்கே வைட்டமின் டி ரொம்பக் குறைவாம்.

குறை என்றால், மூளை அலையைப் பதிவு செய்யும் இஇஜி பகலில் மட்டும்தான். பச்சைக் குழந்தைகளுக்கு வலிப்பு பெரும்பாலும் வெளியே தெரியாது, மூளை அலையில்தான் தெரியும் என்னும்போது ராத்திரி எப்படித் தூங்குவது? இன்னொன்று, எங்களிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. நான்காம் நாள் ஒரு டியூட்டி டாக்டர்தான் உட்கார்ந்து பேசினார். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜனும் ரத்தமும் போதாமல் போவதுதான் முக்கியக் காரணமாம், அப்புறம் பக்கவாதம், ரத்தக்கசிவு, தொற்று, மரபணு. எது காரணமோ அதுதான் பின்னால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். பக்கத்துக் குழந்தைக்குப் பிறக்கும்போதே அப்படி ஆக்சிஜன் போதவில்லை, மூளையைக் காப்பாற்றப் பிறந்து 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து உடம்பை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து 72 மணி நேரம் வைத்திருந்தார்கள். அப்படியும் சிலருக்குப் பெருமூளை வாதமோ வளர்ச்சித் தாமதமோ பிற்பாடு வலிப்பு நோயோ வரலாம் என்றார். எங்களுடையது சரிசெய்யக்கூடியது, ஸ்கேனும் சுத்தம்.

வீட்டுக்கு விடும்முன்பே வலிப்பு மருந்தை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டாமா என்று சண்டைக்கே போனேன். இந்த மாதிரித் தற்காலிகக் காரணத்தால் வந்த வலிப்புக்கு வீட்டுக்குப் போகும்முன் நிறுத்தச் சொல்லித்தான் 2023ல் சர்வதேச வழிகாட்டுதலே வந்திருக்கிறது என்றார் அதே டாக்டர்.

டிஸ்சார்ஜ் சீட்டில் வெறும் ‘வலிப்பு’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். கவுண்டரை விட்டு நகராமல் நின்று, கால்சியம் அளவோடு காரணத்தைக் கையால் எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.