கலிஃபோர்னியா செஃபிர்: பக்கவாட்டில் எல்லாம் தெரிகிறது, முன்னால்?

கலிஃபோர்னியா செஃபிர் அமெரிக்காவின் நெடுந்தூர ரயில். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள எமரிவில் வரை இரண்டு ராத்திரி, ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். ரூமெட் என்ற சின்னப் படுக்கையறை எடுப்பதா, சாதாரண இருக்கையே போதுமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். படுக்கைக்குப் பதில் கடைசியில் வரும். முதலில், பகலில் உட்காரும் இடத்தைப் பற்றிய புலம்பல்.

1944-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி சைரஸ் ஆஸ்போர்ன், கொலராடோவின் கிளென்வுட் கேன்யன் வழியாக எஞ்ஜினில் உட்கார்ந்து போனார். டிரைவருக்கு மட்டுமே வாய்க்கும் காட்சியைப் பயணிக்கும் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கூரைக்கு மேல் கண்ணாடி மாடம் எழுப்பிய விஸ்டா-டோம் பெட்டி அப்படிப் பிறந்ததுதான். பர்லிங்டன், ரியோ கிராண்டே, வெஸ்டர்ன் பசிபிக் ஆகிய மூன்று ரயில் கம்பெனிகளும் சேர்ந்து 1949 மார்ச் 20 அன்று ஓடவிட்ட பழைய செஃபிரில், பட் கம்பெனியின் எவர்சில்வர் பெட்டிகளில் ஐந்து மாடங்கள் இருந்தன. மாடத்துக்கு 24 இருக்கை. ராக்கி மலையும் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பகலில் வரும்படி நேரம் குறித்திருந்தார்கள். 1970 மார்ச்சில் அது நின்றது.

இன்று ஓடுவது, 1983-ல் அமெரிக்காவின் தேசியப் பயணி ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் அதே பெயரில் மீட்டெடுத்த ரயில். ராக்கியில் பழைய பாதைதான். கலிஃபோர்னியா பக்கம் ஃபெதர் ஆறு போய் டானர் கணவாய் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பெட்டிகள் இரட்டை மாடி சூப்பர்லைனர். முழு ரயிலுக்கும் காட்சிப் பெட்டி ஒன்றே ஒன்று. அதன் கண்ணாடி கூரைவரை வளைந்து ஏறுவதால், செங்குத்துப் பாறையின் உச்சி தெரிகிறது. பழைய சாதாரணப் பெட்டியில் இது கிடைத்திருக்காது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் முன்னால் பார்க்க வழியில்லை! வளைவு வருவது தெரியாது, வந்தபிறகுதான் தெரியும். பெட்டிகளெல்லாம் பதினாறடிக்குமேல் ஒரே உயரம். அதற்கு மேலும் மாடம் கட்ட இடமேது? டோம் என்ற யோசனை பிறந்த பள்ளத்தாக்கிலேயே டோம் இல்லாத ரயில் ஓடுகிறது.

மேற்கே போகும் 5-ம் எண் ரயிலில் ஏறுங்கள். காலையில் ராக்கி மலைக்குக் கிழக்கே உள்ள டென்வர், உடனே மலையேற்றம். காட்சிப் பெட்டியில் முன்பதிவு கிடையாது. டென்வரில் வண்டி நிற்கும்போதே போய் உட்காருங்கள். பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மோஃபட் சுரங்கப்பாதைக்குள் போகும்போது பெட்டி மாறக் கூடாது என்பார்கள். கதவைத் திறந்தால் டீசல் புகை உள்ளே வரும். கிளென்வுட்டில் தண்டவாளம் கொலராடோ ஆற்றின் தென்கரையில் ஓடுவதால் ஆறு உங்கள் வலப்பக்கம்.

எதிர்த்திசையில் 6-ம் எண், கால அட்டவணைப்படியே மாலையில்தான் டென்வர் சேரும். குளிர்காலத்தில் கடைசி இறக்கம் இருட்டில் போய்விடும். பயணி ரயிலுக்கே முன்னுரிமை என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளமான லூப் லைனில் அடங்காத நீளத்துக்குச் சரக்கு ரயில் எதிரே வந்தால் ஒதுங்குவது யார்? தாமதம் அங்கேதான் சேர்கிறது.

இப்போது படுக்கை. ரூமெட் மூன்றரை அடிக்கு ஆறரை அடி. ஜன்னல் ஒரு பக்கம்தான், கழிவறை வெளியே, சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். இருவர் பகிர்ந்தால் எடுக்கலாம். தனியாள் என்றால் பகலெல்லாம் காட்சிப் பெட்டியில் இருந்துவிட்டு, ராத்திரி இருக்கையிலேயே சாய்ந்துகொள்ளலாம்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மாடம் இருந்திருந்தால் ஐந்து. டென்வரில் காலையில் ஏறி, மாலையில் கிளென்வுட்டைத் தாண்டி வரும் கிராண்ட் ஜங்ஷனில் இறங்க டிக்கெட் எடுத்தால் ரூமெட் கேள்வியே எழாது.