கூட்டு ஆல்பம் கோர்க்க ரீப்பர்: ஆறு வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

எங்க செட்டுல வருஷா வருஷம் ஹாலிடே சீசனுக்கு ஒரு கூட்டு ஆல்பம் போடுவோம். ஒரே ஊர்ல இருக்குற பத்துப் பன்னிரண்டு பேரு, ஆளுக்கு ஒரு பாட்டு, எல்லாத்தையும் வாங்கி ஒண்ணாக் கோர்த்து வெளிய விடுறது என் வேலை. யாரும் எனக்குக் குடுத்த வேலை இல்ல, மொத வருஷம் "நான் பாத்துக்குறேன்"னு வாய விட்டேன், அதோட மாட்டுனதுதான். ஆறு வருஷமா இத ரீப்பர்ங்குற பாட்டு ரெக்கார்டிங், மிக்ஸிங் சாஃப்ட்வேர்லதான் பண்றேன். அதனால இந்த ஒரு வேலைக்கு அது எப்படின்னு மட்டும் சொல்றேன், எந்த சாஃப்ட்வேர் பெருசுங்குற சண்டைக்கு நான் வரல.

ரீப்பர எழுதுனவரு ஜஸ்டின் ஃப்ராங்கல், 1997ல கம்ப்யூட்டர்ல பாட்டு கேக்குற வினாம்ப் ப்ளேயர பண்ணாரே அதே ஆளு. 60 நாள் ட்ரையல் இருக்கு, அதுல எந்த வசதியையும் பூட்டி வைக்கல. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். மொதல்ல தொறக்குறப்ப மட்டும் கொஞ்சம் மிரட்டும். எல்லாம் ஒரே சாம்பல் கலரு, ரைட் கிளிக் பண்ணா மெனு கீழ போயிக்கிட்டே இருக்கும். அதுல முக்கால்வாசி எனக்கு இன்னிக்கு வரைக்கும் என்னன்னே தெரியாது, தெரியாமலே ஆறு ஆல்பம் முடிச்சாச்சு.

நம்ம ஆளுங்க பாட்டு அனுப்புற அழகு இருக்கே. ஒருத்தன் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ், இன்னொருத்தன் 48, ஒரு புண்ணியவான் எம்பி3, இன்னொருத்தன் "ஃபைனல்", "புது ஃபைனல்", "இதுதான் ஃபைனல்"னு மூணு ஃபைல் அனுப்பிட்டு போன் எடுக்க மாட்டான். எல்லாத்தையும் ஒரே ப்ராஜெக்ட்டுல இழுத்துப் போட்டா போதும், சாம்பிள் ரேட்ட (அந்த 44.1, 48ங்குறது, செகண்டுக்கு எத்தன ஆயிரம் தடவ சவுண்ட அளக்குதுன்னு கணக்கு) அதுவே மாத்திக்கும். பாட்டுக்கு ஒரு ட்ராக், பாட்டு மேல ஒரு ரீஜன் (எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு காட்டுற பட்டை), ரீஜனுக்குப் பாட்டோட பேரு. கடைசில ரெண்டர் (பாட்ட ஃபைலா வெளிய எடுக்குறது) குடுக்குறப்ப ரீஜன் பேரையே ஃபைல் பேரா எடுத்துக்கச் சொல்லிட்டா பன்னிரண்டு பாட்டும் தனித்தனியா பேரோட வந்து விழும். வரிசைய மாத்தணும்னா ரீஜனப் புடிச்சு இழுத்தா உள்ள இருக்குறதும் கூடவே வரும். வரிசைய நாங்க எப்படியும் இருபது தடவ மாத்துவோம், அதனால எனக்கு இது ஒண்ணே போதும்.

இப்ப மெயின் மேட்டர், சவுண்டு அளவு. ரெண்டர் விண்டோவுல ஃபைலே எழுதாம சும்மா ஓட்டிப் பாத்து ஒவ்வொரு பாட்டும் எத்தன எல்யூஎஃப்எஸ் (மொத்தமா காதுக்கு எவ்ளோ சத்தமாக் கேக்குதுங்குற அளவு), பீக் (உச்சில போற சத்தம்) எவ்ளோன்னு பாத்துக்கலாம். மொத வருஷம் இதப் பாத்துட்டு நான் பெரிய இன்ஜினியர் ஆயிட்டேன்னு நெனச்சு எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸுக்கு கொண்டு வந்து நிறுத்துனேன். நம்பர் எல்லாம் கரெக்ட், கேட்டா நாராசம். டிரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார்னு ஒரு பேண்டு பாட்டு முடிஞ்ச கையோட ஒத்தக் கிட்டாரும் ஒரு பொண்ணோட குரலும் மட்டும் இருக்குற பாட்டு வருது, அந்தக் குரல் ஸ்பீக்கர விட்டு வெளிய வந்து காதுல கத்துற மாதிரி இருந்துச்சு. பேண்டு பாட்டுல அந்த 14 நாலஞ்சு வாத்தியத்துக்குப் பிரிஞ்சு போகுது, இங்க மொத்தமும் ஒரு குரலுக்கே வந்துடுது, அவ்ளோதான் விஷயம். இப்பெல்லாம் மீட்டர மூடி வச்சுட்டு, எல்லாப் பாட்டுலயும் பாடுற குரல் ஏறக்குறைய ஒரே தூரத்துல இருந்து வர்ற மாதிரி காதாலதான் வைக்குறேன். அமைதியான பாட்டு மத்ததவிட மூணு நாலு யூனிட் கம்மியாவே நிக்கும், நிக்கட்டும். ஸ்பாட்டிஃபை மாதிரி எடத்துல தானா லெவல் பண்ணிடுவாங்களேன்னு கேப்பீங்க, ஆல்பத்த வரிசையா ஓட்டுறப்ப பாட்டுகளுக்குள்ள இருக்குற ஏத்த எறக்கத்த அவங்க தொடுறதில்ல.

லிமிட்டர் (சத்தம் ஒரு அளவத் தாண்டாம அமுக்குறது) போட்டு நசுக்கி அனுப்புற பாட்டுக்கு மட்டும் ரீப்பர் என்ன, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. "மாஸ்டர்ல (எல்லாச் சத்தமும் ஒண்ணு சேந்து வெளிய போற கடைசி ட்ராக்ல) எதுவும் போடாத, பீக் மைனஸ் ஆறு டெசிபலுக்குள்ள வை"ன்னு வருஷா வருஷம் கெஞ்சுறேன். எங்க டிரம்மர் மட்டும் கேக்க மாட்டேங்குறான், அவன் பாட்ட நான் கொறச்சு வைக்குறேன், அவன் மொறைக்குறான்.

சிடி போடுறதுன்னா பாட்டு ஆரம்பிக்குற எடத்துல வைக்குற மார்க்கர் பேருக்கு முன்னாடி ஒரு ஹாஷ் (#) போட்டா அத ட்ராக் ஆரம்பமா எடுத்துக்கிட்டு டிடிபி ஃபைலா குடுத்துடும், சிடி அடிக்குற எடத்துல அதக் கேப்பாங்க. நான் ஒரு தடவ எல்லாம் முடிச்சுட்டுப் பாத்தா மொத்தம் 83 நிமிஷம், சிடில 80தான் கொள்ளும். யார் பாட்ட வெட்டுறதுன்னு நடந்த பஞ்சாயத்து ஆல்பம் பண்ணத விட நீளமா ஓடுச்சு.

கொறைன்னா, உள்ள வாத்தியச் சத்தம் கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. ஒண்ணும் இல்லாம உக்காந்து பாட்டு போட ஆரம்பிக்குறவங்களுக்கு இது ஒத்து வராது, பியானோ பேஸ் எல்லாம் வெளிய இருந்துதான் கொண்டு வரணும். கூட வர்ற ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் கொறைக்குறது), கம்ப்ரஸர் (சத்தத்தோட ஏத்த எறக்கத்தக் கொறைக்குறது) பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா வேலைய ஒழுங்காச் செய்யும்.

இன்னொண்ணு, சேவ் ஆஸ் குடுக்குறப்ப மீடியா ஃபைல எல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு காப்பி பண்ணுன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், மொத நாளே அத டிக் பண்ணிடுங்க. ரெண்டாவது வருஷம் டவுன்லோடு ஃபோல்டர சுத்தம் பண்றேன்னு நான் எல்லாத்தையும் அழிச்சுட்டு, மறுபடி பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டு, அதுல நாலு பேரு "ஐயோ எங்கிட்டயும் இல்லையே"ன்னாங்க.