ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை: லேப் மாற்றிய பிறகு

எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்து பதினோரு வருடம் ஆகிறது. ஏழு வருடமாகத் தினம் ஒரு என்டெகாவிர் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இரண்டு வருடத்துக்கு முன்பு லேபை மாற்றினேன். இன்னும் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

பழைய இடத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி., அதாவது வைரஸின் மேலுறைப் புரதம், ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி டாக்டர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று ரிப்போர்ட்டிலும் ஒரே வரி: "250 ஐ.யு.வுக்கு மேல்". ஐ.யு. என்பது சர்வதேச அலகு. அவர்களுடைய மெஷின் நேரடியாக 250 வரைதான் அளக்குமாம். அதற்கு மேல் போனால் சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். செய்யவில்லை. 251 என்றாலும் அந்த வரிதான், 25,000 என்றாலும் அந்த வரிதான். இறங்குகிறதா என்று எப்படித் தெரியும்?

அதைவிட மோசமான ஒன்று, மாத்திரை தொடங்கும் முன் நடந்தது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, முதலில் 1,900 என்று வந்தது. அடுத்த முறை 9,800. ஐந்து மடங்கு ஏறிவிட்டதே என்று அன்று இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, முதலாவது ஐ.யு. கணக்கு, இரண்டாவது காப்பி (வைரஸ் டி.என்.ஏ. நகல்) கணக்கு என்றார். ஒரு ஐ.யு. என்பது ஏறக்குறைய ஐந்து காப்பி. வைரஸ் ஏறவே இல்லை.

புதிய லேபில் நீர்க்கச் செய்துதான் எண்ணைத் தருகிறார்கள். முதலில் 3,840, பிறகு 3,510, போன மாதம் 2,960. பழைய எண்கள் பக்கத்திலேயே அச்சாகி வருகின்றன, எந்த மெஷின் என்பதோடு. வைரல் லோடில் "காணப்படவில்லை" என்பதையும் "இருக்கிறது, ஆனால் அளக்க முடியாத அளவு குறைவு" என்பதையும் தனித்தனியாகப் போடுகிறார்கள். எனக்கு முதலாவது.

வைரஸே காணவில்லை, பிறகு ஏன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் ஆயிரக்கணக்கில் என்று பலர் கேட்கிறார்கள். மாத்திரை வைரஸ் நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது. கல்லீரல் செல்லின் உட்கருவில் தங்கிவிட்ட வைரஸ் டி.என்.ஏ.வும், நம் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்ட அதன் துண்டுகளும் அந்தப் புரதத்தைத் தொடர்ந்து உண்டாக்குகின்றன. அதனால் இந்த எண் மெதுவாகத்தான் இறங்கும். வைரல் லோடு இல்லை என்பதற்காக யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கல்லீரல் திடீரென்று மோசமாகக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய இடத்தில் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது "ஹெபடைடிஸ் பி சாம்பிள் யாருது?" என்று சத்தமாகக் கேட்டார்கள். இங்கே ரத்தம் எடுக்கும் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "வழக்கமா பாக்கறதுதானே?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. வைரல் லோடு வர ஆறு நாள் ஆகிறது. லிவர் பேக்கேஜில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற கல்லீரல் என்சைம்கள் இரண்டும் உண்டு, பிளேட்லெட் எண்ணிக்கை இல்லை. வயதோடு இந்த மூன்றையும் வைத்துத்தான் ஃபிப்-4 கணக்குப் போட்டு கல்லீரலில் தழும்பு எவ்வளவு இருக்கும் என்று டாக்டர் கணிக்கிறார். பிளேட்லெட்டை நீங்களே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், மறுநாள் மறுபடி ரத்தம் கொடுத்தேன்.